புதுப்பேட்டையில் பழைய என்ஜின் பார்த்து வாங்குவது: அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு

பழைய வண்டியைத் தூக்கி நிறுத்தும் வேலையில் வேறு என்ஜின் தேடும் கட்டம் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வரும். ஒன்று, வண்டியில் இருக்கும் பிளாக் (சிலிண்டர்கள் அடங்கிய என்ஜினின் இரும்பு உடல்) வெடித்திருக்கும். அல்லது முந்தைய சொந்தக்காரர் எப்போதோ பெட்ரோல் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசலைப் பூட்டியிருப்பார். எப்படியானாலும் தேடல், சென்னையில் பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில்தான் வந்து நிற்கும். அங்கே முதல் வார்த்தையே "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன் சார்" என்பதுதான்.

ஸ்டார்ட் ஆகும் என்ஜினைக் கண்டு மயங்க வேண்டாம். ஐம்பது வருடப் பழைய என்ஜின் எந்த நிலையில் இருந்தாலும் பத்து நிமிடம் ஓடும். திறந்து அளந்து பார்க்க விடுகிற கடைக்காரரிடம் இருக்கும் ஜாம் ஆன என்ஜின், திறக்கவே விடாதவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினைவிட நல்ல பேரமாக முடியலாம். பிளாக், கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு), ஹெட் (பிளாக்கின் மேல் மூடி) ஆகிய மூன்றும் தேறுகிறதா, அது உங்கள் வண்டிக்கு உரிய என்ஜின்தானா என்பவையே கேள்வி. பிஸ்டன், ரிங், வால்வ், பேரிங் எல்லாம் எப்படியும் புதிதாகப் போடப் போகிறவை. அவை தேய்ந்திருப்பதைச் சொல்லி விலையைக் குறைக்கலாமே ஒழிய, அதற்காக நல்ல பிளாக்கை விட்டுவிட வேண்டியதில்லை.

எந்த என்ஜின் என்று முடிவு செய்தல்

கடைக்குப் போகும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் என்ஜின் நம்பர், சிசி, எரிபொருள் மூன்றையும் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேடுவது அதே வகை என்ஜினைத்தான்.

அம்பாசடர் ஆரம்பத்தில் 1476 சிசி சைடு வால்வ் என்ஜினோடு வந்தது. 1959-லிருந்து 1489 சிசி ஓவர்ஹெட் வால்வ் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ். 1990-களில் இசுஸு 1817 சிசி வந்தது. பி-சீரிஸுக்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 88.9 மி.மீ. இசுஸுவுக்கு போர் 84, ஸ்ட்ரோக் 82. இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. இசுஸுவில் கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும், பி-சீரிஸில் அது பிளாக்குக்குள் இருந்து புஷ் ராட் வழியாக வேலை செய்யும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் பி-சீரிஸுக்குப் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலப்பக்கம், கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் இடப்பக்கம்.

இங்கே கண்ணி ஒன்று இருக்கிறது. அம்பாசடரின் பழைய பி.எம்.சி. டீசலும் இதே 1489 சிசிதான். போர், ஸ்ட்ரோக் அளவும் அதேதான். ஹெட், பம்ப் எதுவும் இல்லாமல் வெறும் பிளாக்கை மட்டும் காட்டி "1489, அம்பாசடர்து" என்றால், அளவை மட்டும் வைத்துப் பெட்ரோல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்பரையும் வார்ப்பு எழுத்தையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஃபியட் 1100, பத்மினி இரண்டிலும் 1089 சிசி: போர் 68, ஸ்ட்ரோக் 75. ஹெட் அலுமினியம். அம்பாசடரின் பி-சீரிஸுக்கும் ஹெரால்டுக்கும் வார்ப்பிரும்பு ஹெட். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஆலையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 948 சிசி: போர் 63, ஸ்ட்ரோக் 76. சென்னையில் செய்த வண்டிதானே, என்ஜின் எளிதாகக் கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அம்பாசடர் என்ஜின் கிடைப்பதுபோல இது கிடைக்காது. கிடைத்தால் அரைகுறையாக இருந்தாலும் விடாமல் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் ஹெட்டைக் கழற்றி வெர்னியரில் போரை அளந்து, பிஸ்டனை அடியிலும் மேலேயும் நிறுத்தி ஸ்ட்ரோக்கை அளந்து கணக்குப் போடலாம். செ.மீட்டரில் போர் × போர் × ஸ்ட்ரோக் × 0.7854 × 4 போட்டால் சிசி வந்துவிடும். பிளக் ஓட்டை வழியாகக் கம்பி விட்டு ஸ்ட்ரோக் அளப்பது இந்த என்ஜின்களில் சரிவராது. பிளக் சாய்வாக இருப்பதால் கம்பியும் சாயும்.

நம்பரும் வார்ப்பு எழுத்தும்

பிளாக்கில் இரண்டு வகை எழுத்துகள் இருக்கும். மேடாக, இரும்போடு இரும்பாக நிற்பது வார்ப்பு எழுத்து. அச்சில் வார்க்கும்போதே வந்தது, ஒரே அச்சில் வந்த எல்லா பிளாக்கிலும் அதுவே இருக்கும். பள்ளமாக, பஞ்ச் அடித்தது என்ஜின் நம்பர். அதுதான் அந்த ஒரு என்ஜினுக்கு மட்டும் உரியது. கடைகளில் வார்ப்பு எழுத்தைக் காட்டி "இதோ நம்பர்" என்பது சகஜம். வேண்டுமென்று செய்வதாக எல்லா நேரமும் சொல்ல முடியாது, பலருக்கு வித்தியாசம் தெரியாது. சில பிளாக்குகளில் நம்பர் தனித் தகட்டில் அடித்து ரிவெட் செய்யப்பட்டிருக்கும். தகடு பிளாக் விட்டு பிளாக் மாறக்கூடியது என்பதால் ரிவெட்டின் தலைகளைப் பாருங்கள். பழைய அழுக்கு படிந்த பிளாக்கில் ரிவெட் மட்டும் பளபளப்பாக இருந்தால் அது நேற்று அடித்த தகடு. ஹெரால்டில் நம்பர் பிளாக்கின் இடப்பக்கம், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள தட்டையான மேட்டில் இருக்கும்.

அழுக்கை மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள். கிரைண்டர், இரும்பு பிரஷ், முரட்டு உப்புத்தாள் எதுவும் நம்பர் பக்கம் போகக் கூடாது. நீங்களே தேய்த்து மங்கலாக்கிவிட்டால் பிறகு ஆர்.டி.ஓ.வில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சுத்தமானதும் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுங்கள், போனில் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமும் எடுங்கள்.

எழுத்துகள் சற்றுக் கோணலாக, ஆழம் கூடிக் குறைந்து இருப்பதை வைத்து மட்டும் சந்தேகப்படத் தேவையில்லை. அந்தக் காலத்தில் கையால் அடித்தவை. சந்தேகப்பட வேண்டியது பின்னணியை. சுற்றிலும் வார்ப்பின் சொரசொரப்போ பழைய கட்டரின் கோடுகளோ இருக்க, நம்பர் அடித்த இடம் மட்டும் வழவழவென்று குழிந்திருந்தால், அல்லது எழுத்துக்குப் பின்னால் வேறு எழுத்தின் நிழல் தெரிந்தால், அந்த என்ஜினை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். நம்பர் சுத்தமாக இருந்தாலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் திருட்டு வாகனப் பட்டியலில் அந்த என்ஜின் நம்பர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை

கம்ப்ரஷன் கேஜ், ஃபீலர் கேஜ், வெர்னியர், ஓர் அடி நீள எஃகு ஸ்கேல், காந்தம், டார்ச், பிளக் ஸ்பேனர், கிராங்க் புல்லி நட்டுக்குச் சரியான சாக்கெட்டோடு நீளக் கைப்பிடி, டயர் லீவர், அரை லிட்டர் மண்ணெண்ணெய், பழைய துணி, கொஞ்சம் என்ஜின் ஆயில், ஓர் ஆயில் கேன். போனில் செருகும் சின்ன கேமரா வயர் இருந்தால் பிளக் ஓட்டை வழியாகவே போர் சுவரைப் பார்த்துவிடலாம். இதோடு வண்டியில் போடப் போகிற சைஸில் ஒரே ஒரு புது ரிங் இருந்தால் நல்லது. அதன் உபயோகம் பின்னால் வரும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

காலையில் போங்கள். வெயில் ஏறிய பிறகு சந்துகளில் கூட்டம் சேர்ந்துவிடும், கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது. மழைக்காலத்தில் திறந்தவெளியில் கிடக்கும் என்ஜினைப் பார்க்க நேர்ந்தால், கார்புரேட்டர் வாயும் பிளக் ஓட்டையும் மூடியிருக்கிறதா என்பதே முதல் சோதனை. மூடாமல் கிடந்தால் எந்த வால்வ் திறந்து நின்றதோ அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும்.

வெளிப்புறம்

புதிதாகப் பெயின்ட் அடித்த என்ஜின் கண்ணுக்கு அழகாக இருக்கும். அது வெடிப்பையும் எண்ணெய்க் கசிவையும் மூடுகிறது, அவ்வளவுதான். எண்ணெய் அழுக்கு தடித்துப் படிந்த என்ஜினில் குறைந்தபட்சம் கசிவு எங்கிருந்து தொடங்குகிறது என்றாவது தெரியும்.

பிளாக்கின் பக்கவாட்டில், உள்ளே தண்ணீர் ஓடும் வழியை அடைத்தபடி வட்டமாகப் பதிந்திருக்கும் டாலர் பிளக்குகளைக் கவனியுங்கள். துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் அதுவே பெரிய குறையல்ல, மாற்றிவிடலாம். ஆனால் அது உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதற்கு ஜன்னல். சென்னையில் வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகள் ஏராளம். அந்த உப்பு, வாட்டர் பம்ப்பிலிருந்து தூரத்தில் இருக்கும் நான்காவது சிலிண்டரைச் சுற்றித்தான் கட்டியாக இறுகும். கடைக்காரர் சம்மதித்தால் பின்பக்க டாலர் பிளக் ஒன்றைக் கழற்றி, திருப்புளியை உள்ளே விட்டுக் குத்திப் பாருங்கள். சேறு போல வந்தால் கழுவிவிடலாம். சுண்ணாம்புக் கல்லாக டக்டக்கென்று சத்தம் வந்தால் பிளாக்கை ஆசிட் தொட்டிக்கு அனுப்பியாக வேண்டும். அந்தச் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள். பத்மினியில் இதே உப்பு அலுமினிய ஹெட்டின் தண்ணீர்த் துவாரங்களை அரித்துப் பெரிதாக்கிவிடும். கேஸ்கெட் உட்காரும் வளையம் வரைக்கும் அரித்திருந்தால் அதை அலுமினியம் வெல்டிங் செய்து மட்டம் அடிக்க வேண்டிவரும்.

வெடிப்பு தேட வேண்டிய இடங்கள்: டாலர் பிளக்குகளைச் சுற்றி, என்ஜின் மவுண்டிங் போல்ட்டு ஓட்டைகளில், ஸ்டார்ட்டர் உட்காரும் இடத்தில், பிளாக்கின் கீழ் விளிம்பில். கண்ணுக்குத் தெரியாத முடிக்கோட்டைக் கண்டுபிடிக்க மூன்று ஸ்பிரே உள்ள டை கிட் இருக்கிறது. முதல் ஸ்பிரேயால் துடைத்து, சிவப்பை அடித்துப் பதினைந்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு வெள்ளை அடித்தால் வெடிப்பு சிவப்புக் கோடாக மேலே வரும். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்த தழும்பு தெரிந்தால் அடுத்த என்ஜினைப் பார்க்கப் போகலாம். முறையாகத் தையல் போட்ட பிளாக் வேறு விஷயம். வரிசையாகப் பின் அடித்து இறுக்கியிருப்பார்கள், வெளிச்சுவரில் இருந்தால் அது பல வருடம் தாங்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகளின் என்ஜின்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கக்கூடும். வெளியே கழுவிவிடுவார்கள், பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் கூடு) உள்மூலைகளையும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடித்தட்டையும் டைனமோவின் உட்புறத்தையும் யாரும் கழுவுவதில்லை. அங்கே விரலை விட்டுப் பாருங்கள். மாவு போன்ற வண்டல் ஒட்டினால் அது வெள்ளத்தில் கிடந்த சரக்கு. தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்ய முயன்றிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். ஹெட்டைக் கழற்றியதும் நான்கு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது பிளாக்கின் முகத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்கின்றன என்று அளந்தால் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கால் மில்லி தாழ்ந்து நின்றால் அந்த ராட் போச்சு.

கையால் சுற்றிப் பார்த்தல்

பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் புல்லி நட்டில் சாக்கெட் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரே சீராக, கனமாகச் சுற்ற வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் பிடித்தால் துருப்பிடித்த போராகவோ வளைந்த ராடாகவோ இருக்கலாம். சுற்றவே இல்லையென்றால் நீளக் குழாய் மாட்டித் தொங்க வேண்டாம், ரிங் லேண்ட் (பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு) உடைந்துவிடும். ஜாம் ஆன என்ஜினை வாங்குவதாக இருந்தால் பிளாக்கின் விலைக்கு மட்டும் பேசுங்கள். வீட்டுக்கு வந்தபின் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி இரண்டு மூன்று நாள் விட்டு, ஃப்ளைவீல் பல்லில் லீவர் வைத்து முன்னும் பின்னும் லேசாக அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் திறந்தவெளியில் மட்டும்.

சுற்றும்போதே இன்னொன்றைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெல்ல ஆட்டுங்கள். ரோட்டர் உடனே அசைய வேண்டும். புல்லி கணிசமாகத் திரும்பிய பிறகுதான் ரோட்டர் நகருகிறது என்றால் டைமிங் செயின் தளர்ந்துவிட்டது. மாற்றக்கூடியதுதான். ஃப்ளைவீல் ரிங் கியரில் எதிரெதிரே இரண்டு இடங்களில் பல் தேய்ந்திருக்கும். நான்கு சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும் என்பதால் ஸ்டார்ட்டர் அங்கேயே கடிக்கிறது. ரிங்கைச் சூடாக்கிக் கழற்றித் திருப்பிப் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு.

ஹெரால்டு வாங்குகிறவர்கள் எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது: கிராங்கின் முன்பின் ஆட்டம். இந்த என்ஜினில் கிராங்க் முன்னும் பின்னும் போகாமல் தடுப்பது பின் மெயின் பேரிங்கில் (கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் பேரிங்) இருக்கும் இரண்டு அரைவட்ட வாஷர்கள் மட்டுமே. ஒவ்வொரு முறை கிளட்ச் மிதிக்கும்போதும் அந்த அழுத்தம் முழுவதும் அவற்றின் மேல்தான் விழுகிறது. சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் அவற்றைச் சீக்கிரம் தேய்க்கும். தேய்ந்து மெலிந்தால் சம்ப்பில் (என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) விழுந்துவிடும். அதற்குப் பிறகு கிராங்கின் முகம் நேராகப் பிளாக்கையே அரைக்கும். டயர் லீவரைப் புல்லிக்குப் பின்னால் வைத்து முன்னால் தள்ளுங்கள், பிறகு பின்னால் தள்ளுங்கள். 4 முதல் 8 தௌ, அதாவது 0.10 முதல் 0.20 மி.மீ. வரை நகரலாம். டக் என்று கையில் தட்டும் அளவுக்கு நகர்ந்தால் சம்ப்பைக் கழற்றாமல் பேரம் பேசாதீர்கள். வாஷர் இருந்து தேய்ந்திருந்தால் ஓவர்சைஸ் வாஷர் போட்டு முடித்துவிடலாம். வாஷரே இல்லாமல் பிளாக்கின் முகம் சுரண்டப்பட்டிருந்தால் அது லேத்துக்காரர் தலையில் விழும் பெரிய வேலை. வண்டியில் பூட்டிய நிலையில் பார்ப்பதானால் ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டுப் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்து முன்னால் வரக் கூடாது.

கம்ப்ரஷன்

ஸ்டார்ட்டரும் அது உட்காரும் பின்தகடும் இருந்தால் என்ஜின் தரையில் இருக்கும்போதே பார்க்கலாம். நான்கு பிளக்கையும் கழற்றி, கார்புரேட்டர் திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, நன்கு சார்ஜ் ஆன பேட்டரியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஏழெட்டு முறை கேஜ் முள் ஏறும்வரை சுற்றுங்கள். திராட்டில் மூடியிருந்தாலும் பேட்டரி சோர்ந்திருந்தாலும் எண் குறைந்துதான் வரும், அதை வைத்து என்ஜினைக் குறை சொல்லக் கூடாது. குறைந்த கம்ப்ரஷன் விகிதமுள்ள இந்தப் பழைய என்ஜின்களில் 110 முதல் 140 பி.எஸ்.ஐ. வந்தால் சந்தோஷப்படலாம். எண்ணைவிட நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பது முக்கியம். நான்கும் 105 என்றால் ஒரே சீராகத் தேய்ந்த என்ஜின். மூன்று 135, ஒன்று 80 என்றால் அந்த ஒன்றில் ஏதோ உடைந்திருக்கிறது அல்லது எரிந்திருக்கிறது.

குறைவான சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் அல்லது போர். ஏறவில்லையென்றால் வால்வ். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் ஊதியிருக்கிறது.

ஸ்டார்ட்டர் இல்லாவிட்டால் பக்கத்து டயர் கடையின் கம்ப்ரஸர் உதவும். இரண்டு வால்வும் மூடியிருக்க, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்று விடுங்கள். முதலில் குறைந்த அழுத்தத்தில் விடுங்கள். இல்லாவிட்டால் கிராங்க் சட்டென்று சுற்றி, சாக்கெட் கைப்பிடி உங்கள் கையை அடிக்கும். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வ், மேனிஃபோல்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். பக்கத்துப் பிளக் ஓட்டையில் வந்தால் கேஸ்கெட்.

ஆயிலும் சம்ப்பும்

டிரெயின் போல்ட்டைச் சட்டென்று கழற்றாமல் அரைச்சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கியிருக்கும், அதுவே முதலில் சொட்டும். பிறகு ஆயிலைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் கேம், டேப்பட் (கேம் தள்ளும் துண்டு), ரிங், செயின் பக்கத்தைக் காட்டும். ஒட்டாமல் வெள்ளி போல மின்னினால் பேரிங் மேல்பூச்சு, செம்பு நிறமாக மின்னினால் அந்தப் பூச்சும் போய் அடி உலோகம் தேய்கிறது. ஆயில் தேன் போலக் கெட்டியாக ஒழுகினால் உள்ளே கியர் ஆயில் கலந்திருக்கலாம். பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் முனை) சத்தத்தை ஒரு மதியம் அடக்கி வைக்க அது போதும்.

பி-சீரிஸிலும் ஹெரால்டிலும் கிராங்கின் பின்னால் ரப்பர் சீல் கிடையாது. சுருள் பள்ளம் ஒன்றுதான் ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளுகிறது. பெல் ஹவுசிங் அடியில் ஓரிரு சொட்டு இருந்தால் அது பிறவிக் குணம். அதைக் காட்டி விலை குறைக்கலாம், பயப்படத் தேவையில்லை.

பி-சீரிஸில் மேனிஃபோல்டு பக்கம் இரண்டு டேப்பட் மூடிகள் இருக்கும். கழற்றினால் சம்ப்பைத் தொடாமலே டேப்பட்டுகளைத் தூக்கிப் பார்க்கலாம். அடிமுகம் வழவழப்பாக இருக்க வேண்டும். அம்மை விழுந்தது போலப் பள்ளம் பள்ளமாக இருந்தால் கேம் ஷாஃப்டும் கெட்டிருக்கும்.

ஹெட்டைக் கழற்றிய பிறகு

கடைக்காரர் ஹெட்டைத் திறக்க விடும்போது "கேஸ்கெட் காசு நான் தருகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. வேலையும் நடக்கும்.

பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டினால், போரை எத்தனை தௌ பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று காட்டும் ஓவர்சைஸ் எண் தெரியும்: 020, 030, 040 என்று. ஒரு தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.025 மி.மீ. எண் எதுவும் இல்லையென்றால் ஸ்டாண்டர்டு. 040 ஏற்கெனவே போட்டிருந்தால் அடுத்தது லைனர்தான் (போருக்குள் புகுத்தும் புதுக் குழாய்). லைனர் போட்ட பிளாக் கெட்டதல்ல, போரைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடு தெரியும். அந்தக் கோட்டில் நகம் இடறாமல் பிளாக் மட்டத்தோடு மட்டமாக இருந்தால் போதும்.

அடுத்து தேய்மானம். போர் மேலிருந்து அடி வரை ஒரே மாதிரி தேயாது. மேல் ரிங் நிற்கும் இடத்தில், மேலிருந்து சுமார் 10 மி.மீ. கீழே, கிராங்குக்குக் குறுக்கான திசையில்தான் அதிகம் தேயும். போர் கேஜ் கையில் இல்லையா? அந்தப் புது ரிங்கை எடுங்கள். முதலில் போரின் அடியில், தேயாத இடத்தில் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை ஃபீலரில் அளக்கவும். பிறகு தேய்ந்த மேல் இடத்தில் வைத்து அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வந்துவிடும். அடியில் 0.30, மேலே 0.70 என்றால் வித்தியாசம் 0.40, தேய்மானம் சுமார் 0.13 மி.மீ. இது ஒரு சிலிண்டரில் இருந்தால் ஹோன் செய்து புது ரிங்கோடு கொஞ்ச காலம் ஓட்டலாம். 0.20-ஐத் தாண்டினால் ரீபோர், அதாவது போரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். ரிங் போட்டு ஏமாற்றப் பார்த்தால் சில மாதங்களில் மறுபடி ஆயில் குடிக்கும்.

ஹெட்டைத் தலைகீழாக வைத்து எஃகு ஸ்கேலை நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் நிறுத்தி அடியில் ஃபீலர் விடுங்கள். 0.10 மி.மீ. தகடு நுழைந்தால் மட்டம் அடிக்க வேண்டும். பத்மினியின் அலுமினிய ஹெட் பலமுறை மட்டம் அடிக்கப்பட்டு மெலிந்திருக்கலாம், தடிமனை இன்னொரு நல்ல ஹெட்டோடு ஒப்பிடுங்கள். பி-சீரிஸில் 2-க்கும் 3-க்கும் எக்ஸாஸ்ட் வழி ஒன்றே. அந்த நடுப்பகுதிதான் அதிகம் சூடாகும், வால்வ் சீட்டுகளுக்கு நடுவே வெடிப்பை அங்கே முதலில் தேடுங்கள்.

கிராங்க்

ஒரு பிக் எண்ட் மூடியையும் ஒரு மெயின் மூடியையும் கழற்றினால் போதும், மூடிகளை அதே இடத்தில் அதே திசையில் திருப்பிப் போடுவது முக்கியம். பேரிங் செல்லின் முதுகில் STD என்பதற்கான எழுத்தோ 010, 020, 030, 040 என்ற எண்ணோ அடித்திருக்கும். அதுதான் கிராங்க் எவ்வளவு கிரைண்ட் ஆகியிருக்கிறது என்பதற்குச் சாட்சி. பி-சீரிஸ் பிக் எண்ட் ஜர்னலின் ஸ்டாண்டர்டு அளவு சுமார் 47.65 மி.மீ. வெர்னியரால் இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது, மைக்ரோமீட்டர் வேண்டும். 040 செல்லும் தேய்ந்திருந்தால் அந்தக் கிராங்கின் ஆயுள் முடிந்தது என்று வைத்து விலை பேசுங்கள். ஜர்னலில் நகத்தை ஓட்டினால் இடறும் கோடு இருந்தாலும், நீலம் பாய்ந்திருந்தாலும் கிரைண்டிங் நிச்சயம். நீலம் என்றால் ஆயில் இல்லாமல் சூடேறியிருக்கிறது. அப்படிப்பட்ட கிராங்கை கிரைண்ட் செய்யும் முன் வெடிப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஓட்டிக் காட்டினால்

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த என்ஜினின் முதல் புகைதான் உண்மை பேசும். ஆரம்பத்தில் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வ் கைடு, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலம் என்றால் ரிங். கையால் மாட்டும் ஆயில் பிரஷர் கேஜ் ஒன்றைப் பூட்டி, சூடான பிறகு பாருங்கள். பி-சீரிஸில் ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ., ஐடிலில் 15 இருந்தால் நல்லது. தட்டும் சத்தம் இருந்தால் ஒவ்வொரு பிளக் வயராக எர்த் செய்து பாருங்கள். எந்த சிலிண்டரில் சத்தம் அடங்குகிறதோ அந்தப் பிக் எண்ட்தான்.

பேரம், பில், ஆர்.டி.ஓ.

விலை பேசும் முன் பக்கத்தில் கிடக்கும் உதிரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பின்தகடு, ஃப்ளைவீல், மவுண்டிங் பிராக்கெட்டுகள், டைனமோ பிராக்கெட், மேனிஃபோல்டு, தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஃபேன் புல்லி, டிப் ஸ்டிக். பிளாக் கிடைத்துவிடும், ஹெரால்டின் டைனமோ பிராக்கெட்டைத் தனியாகத் தேடினால் மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

என்ஜின் நம்பர் எழுதிய பில் இல்லாமல் தூக்காதீர்கள். பென்சில் பிரிண்டை பில்லோடு ஒட்டி வையுங்கள். உடைத்த வண்டியின் ஆர்.சி. நகலோ ஆர்.சி. ரத்தான சான்றோ இருந்தால் அதையும் வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி என்ஜின் மாற்றத்தைப் பதிவு செய்யும் அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். முன் அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அனுமதியை முன்பே வாங்கிவிடுவதுதான் அலைச்சல் குறைவு.

வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்து விண்டேஜ் பதிவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகள் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கின்றன. 1965 அம்பாசடரில் இசுஸு உட்கார்ந்திருந்தால் அந்தப் பதிவில் சிக்கல்தான்.

தூக்குவதும் வைப்பதும்

ஆயிலை முழுக்க வடித்துவிட்டுச் செயின் பிளாக்கில் தூக்குங்கள். கயிற்றை ராக்கர் கவரிலோ மேனிஃபோல்டிலோ கட்டக் கூடாது, ஹெட்டின் தூக்கும் கொக்கிகளில் அல்லது மவுண்டிங் ஓட்டைகளில்தான். குட்டி யானையில் ஏற்றும்போது பழைய டயரின் நடுவில் நிமிர்த்தி உட்கார வைத்து இரண்டு பக்கமும் கட்டினால் சம்ப் நசுங்காது.

பாடி வேலை முடியும்வரை என்ஜின் காத்திருக்க வேண்டியிருக்கும். சென்னையின் உப்புக் காற்றில் திறந்த போர் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் 10 மில்லி ஆயில் விட்டு, கையால் சுற்றிப் பரப்பி, பிளக்கை மாட்டுங்கள். கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் வாய்களை பிளைவுட் துண்டு வைத்து போல்ட்டு போட்டு மூடுங்கள். பாலிதீனால் முழுக்கச் சுற்றினால் உள்ளே வியர்க்கும் என்பதால் பழைய பருத்திப் போர்வை போதும். சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் வைத்து, மாதம் ஒருமுறை ஒன்றேகால் சுற்று சுற்றிவிடுங்கள். சரியாக ஒரு சுற்றோ அரைச் சுற்றோ சுற்றினால் பிஸ்டன்கள் மறுபடி அதே உயரத்திலேயே வந்து நிற்கும்.